முப்பது நாள் புள்ளி

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று,
ஒரே நீலத் தகரத்தில்.
ஒன்றை ஒன்று அழிப்பதில்லை.
அந்த ஊரின் மூன்றாம் மாடியில்
பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு
நான் ஒருவனின் வாயை மூடினேன்.

ஹைக்கோ. கோத்தன் ஊர்க்காரன்.
நேரில் பார்த்ததில்லை.
சம்பளமில்லாமல் நூற்றுச்சொச்சம் பேர்
சேர்ந்து எழுதும் நிரலுக்கு
சாவி மூன்று பேரிடம்:
லோரியனில் மயேல், ஹல்லில் ஆஸ்குட், இங்கே நான்.
சாவி என்பது மரியாதைக்குச் சொல்வது.
ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.

அவன் எழுதியது முழுக்கப் பெரிய எழுத்தில்.
தமிழில் பெரிய எழுத்துக் கிடையாது,
கத்துவதென்றால் நாங்கள் கத்தத்தான் வேணும்.
மூடர்களே என்று தொடங்கியிருந்தான்.
ஆறாம் வரியில் மயேலின் பெயரும்
அவள் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும்.
விதி நான்கு. முப்பது நாள்.
ஏழாம் வரியை நான் வாசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள்
என் பெயர் எனக்கே உடைந்து வந்தது.
தர்மிளா என்று கொடுத்தால்
தரமிளா என்று திருப்பித் தருகிறது.
தரமில்லா என்று வாசித்து மகன் சிரித்தான்.
இரவு முழுக்கத் தேடினேன்.
எழுத்தின் தலையில் இருப்பதையெல்லாம்
தூசி என்று துடைத்துக்கொண்டிருந்தது எங்கள் நிரல்.

ஏழாம் வரியில் அதைத்தான் சொல்லியிருந்தான்.
அவன் ஊர்ப்பெயரின் மேல் இரண்டு புள்ளி.
துடைத்துவிட்டால் ஜெர்மனில்
மலத்தில் தொடங்கும் ஊர் அது.
யாருக்குத்தான் கோபம் வராது?

பிழை சொன்னவனை அடைத்துவிட்டோம்.
பிழை பிழைத்துக் கிடந்தது.

மற்ற இருவருக்கும் எழுதினேன், விட்டுவிடுவோமா என்று.
சொன்னது சரி, சொன்ன விதம் விதி நான்கு, என்றார் ஆஸ்குட்.
அன்றைக்கு நான் அழுதது உனக்குத் தெரியாது, என்றாள் மயேல்.
தெரியாதுதான்.
இரண்டுக்கு ஒன்று.

அதே கிழமை, நிலவறையில்,
சலவை அறைக் கதவில் ஒரு தாள்:
ஞாயிறு இரவு இயந்திரம் ஓட்டியது யார்?
நான்தான், பிள்ளைக்குக் காய்ச்சல்,
படுக்கை முழுக்க வாந்தி, என்று
அடியில் பேனையால் எழுதிவிட்டு வந்தேன்.
காலையில் தாள் இல்லை.
நாலு மூலைக்கும் நாலு ஒட்டுநாடாத் துண்டு மட்டும்.
கிழித்தது குரோசன்பாகர் அம்மாவா, பராமரிப்பாளரா,
யாரிடம் கேட்பது?
ஈரத் துணிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன்,
கொஞ்சம் அதிக நேரம்.

க எழுதி மேலே புள்ளி வைத்தால்
குரல் நின்றுவிடும்.
குரல் நின்ற அந்த எழுத்துக்குப் போய்
மெய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள்.
கொப்பி கொப்பியாக எழுதிய வயதில்
இது எனக்கு உறைக்கவில்லை.
புள்ளியே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்,
புள்ளி இல்லாவிட்டால் என் பெயரே இல்லை.

பிழையைத் திருத்தினேன்.
கண்டுபிடித்தவர் ஹைக்கோ, கோத்தன், என்று பதிந்தேன்.
அவன் ஊரின் தலையில் இரண்டு புள்ளியும் இருக்கிறதா என்று
மூன்று தரம் பார்த்தேன்.
மயேல் அதற்கு ஒன்றும் எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள், காலை ஆறு மணி.
ஷூஸ் கால்வாயின் மேல் பனிமூட்டம்,
எதிர் மாடி தெரியவில்லை.
வந்துவிட்டான்.
நன்றி இல்லை, மன்னிப்பு இல்லை,
முழுக்கப் பெரிய எழுத்து:
இன்னொரு பிழை.

கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கடைசி வரி வரை வாசித்தேன்.
பிழை உண்மை.
ஆறாம் வரியில் மறுபடி மயேல்.